நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

கொம்பனித்தெருவில் ஏழாம் மாடி.
ஆறு மணிக்கே குளிரூட்டியை நிறுத்திவிடுவார்கள்.
யன்னலைத் திறந்தால் பேர வாவியின் பச்சை நாற்றம்,
மூடினால் நேற்றைய கொத்து.

"கௌசிகா, மேக்க மொகக்த?"
இசுருவின் விரல் திரையில்.
சம்பளம் கணக்கிடும் கோப்பு,
நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேலே
ஆங்கில எழுத்தில் எங்களூர்ப் பேச்சு:
இதில கை வைக்காதேங்கோ. காரணம் பிறகு சொல்லுறன்.

பெயர் இல்லை. ஒன்பது வருடம் முந்திய திகதி.
அந்தப் பிறகு வரவேயில்லை.
ஆள் இப்போது ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ
வாசலில் பனி வழித்துக்கொண்டிருக்கலாம்.

மொழிபெயர்க்கிற இயந்திரத்திடம் கேட்டானாம்,
மலாய் என்றதாம்.
யாரோ ஒரு மலாய்க்காரனுக்கு மரியாதை தந்து
இத்தனை காலம் ஒருவரும் தொடவில்லை.

இசுருவின் தமிழ் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடைத் தமிழ்:
போதும். இன்னும் கொஞ்சம். ரசம் வேண்டாம்.
அதை வைத்தே என் நிரலைத் திருத்துவான்.
என் சிங்களம் பாதி பஸ்ஸில் பொறுக்கியது,
பாதி சோதனைச்சாவடியில்.
எங்கிருந்து, எங்கே, ஏன்,
மூன்றுக்கும் பிழையில்லாமல் பதில் வரும்.
பகிடி விடத்தான் வராது.

காலைக் கூட்டத்தில் எல்லாரும் ஆங்கிலம்.
வாய் திறந்தால்
ஆளுக்குப் பத்து வயது குறைந்துவிடும்.
வழுவின் வால் கையில் சிக்குகிற நேரம் மட்டும்
அவரவர் வீட்டுக்கு ஓடிப்போவோம்:
அம்மோ, ஐயோ, யா அல்லாஹ்.

காத்தான்குடி ரிஸ்மியா வந்து வாசித்தாள்.
"வைக்காதீங்க என்று எழுதத் தெரியாதா உங்கட ஆளுக்கு?"
அதற்கு நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல,
இடையில் இசுரு வரியைத் தூக்கிவிட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.
ஆறாயிரத்துச் சொச்சம் பேருக்கும் சம்பளம் விழுந்தது,
பதினொரு பேரைத் தவிர.

மாரியாயி. ராக்கு. சடையன்.
கொலன்னாவைக் கிட்டங்கியில் கூட்டுகிறவர்கள், சுமக்கிறவர்கள்.
பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் கேட்கிறது பெட்டி.
வெறுமையாக விட்டால் ஆளே இல்லை என்கிறது.
அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார் மனுசன்.
அவ்வளவுதான்.

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
தமிழில் உயிர் போய்விடும்.
இங்கே புள்ளி வைத்தால்தான் சீவியம்.
இதை இசுருவுக்குச் சொல்ல
மூன்று மொழியிலும் முயன்று தோற்றேன்.
அவன் எழுந்து போய்
வெண்பலகையில் தன்னுடைய க-வை எழுதி
உச்சியில் ஒரு சின்னக் கொடி கட்டினான்.
"எங்கட எழுத்தும் இப்படித்தான் சாகும்,"
என்றான், சிங்களத்தில்.
முழுதாக விளங்கியது. எனக்கே ஆச்சரியம்.

வரியைத் திரும்ப வைத்தோம்.
காரணத்தை இனியாவது எழுத வேண்டும்.
எந்த மொழியில் என்று கால் மணித்தியாலம் போனது.
கடைசியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி, இலக்கணப் பிழையோடு.
மேலே இருந்ததை அழிக்க ரிஸ்மியாவே விடவில்லை.

இசுரு அதை எழுத்துக் கூட்டிப் பழகினான்.
"வைக்கா... தேங்... கோ. கோ எதுக்கு?"
மரியாதைக்கு.
"மெஷினுக்கா?"
இல்லை. பிறகு திறக்கிறவனுக்கு.

ஒன்பதரைக்கு மறுபடி ஓடவிட்டோம்.
கீழே காவலாளி விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார்.
திரை ஒவ்வொன்றாகச் சொன்னது:
மாரியாயி புள்ளி.
ராக்கு புள்ளி.
சடையன்